எண்பத்தேழு மில்லிமீட்டர் உயர ‘ட’

துவாரகா, புது டெல்லி
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மாப்பிள்ளை இளஞ்செழியனுக்கு,

உன் அத்தான் இராஜமாணிக்கம் எழுதுவது. டெல்லிக் குளிர் அனுமதிக்கும் அளவுக்கு நானும் உன் அக்கா இந்திராணியும் நலம். கோயம்புத்தூரில் நீயும் ப்ரீதாவும் மின்விசிறி போட்டுக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் பொறாமையோடுதான் நம்புகிறேன்.

போன தீபாவளிக்கு இங்கே வந்தபோது என் மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். “இனிமே உங்களுக்கு எந்தப் பிரச்சினையும் வராது அத்தான்” என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறை சொல்ல எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. வெற்றியைச் சொல்ல எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து “ரீஸ்டார்ட் பண்ணீங்களா?” என்று கேட்பாய். கடிதத்தில் உன்னால் கேட்க முடியாது.

விஷயம் ஆரம்பித்தது கண் முகாமில். ஆர்.கே.புரத்தில் நம் தமிழ்ச் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை இலவசக் கண் பரிசோதனை நடத்துகிறது. டாக்டர் ஜ்யோத்ஸ்னா என்று ஒரு பெண், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, சம்பளம் வாங்காமல் வந்து பார்க்கிறாள். முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள். நாற்பது வருடமாக இங்கே இருந்து ஹிந்தியில் சண்டையே போடுவார்கள், ஆனால் வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். டாக்டரிடம் இருந்ததோ ஆங்கில எழுத்துத் தாள் ஒன்று, ஹிந்தித் தாள் ஒன்று, இரண்டும் தெரியாதவர்களுக்காக ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை நாலா பக்கமும் திருப்பிப் போட்ட தாள் ஒன்று. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். போன வருடம் பாப்பம்மாள் என்று ஒரு அம்மா, சேலம் பக்கத்துக்காரர், அறுபத்து மூன்று வயது, சங்கத்துக்குப் பின்னாலேயே நாலு வீட்டில் சமையல் செய்கிறவர், டாக்டர் எந்தப் பக்கம் என்று கேட்கக் கேட்கத் தன் வீடு இருக்கும் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நீண்ட வரிசை. டாக்டரும் “டீக் ஹை ஆன்ட்டி, பரவாயில்ல” என்று அனுப்பிவிட்டாள்.

இந்த வருடம் முகாமுக்கு மூன்று வாரம் முன்பு டாக்டர் என்னிடம் சொன்னாள். “அங்கிள், ஒரு தமிழ் சார்ட் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்! ஆனா அளவு ரொம்ப முக்கியம். முதல் எழுத்து எண்பத்தேழு மில்லிமீட்டர் உயரம். ஆறு மீட்டர் தள்ளி உக்காந்து படிக்கணும். நாலாவது வரி வரைக்கும் படிச்சா வீட்டுக்குப் போகலாம். நாலாவது வரி படிக்க முடியலைன்னா ஹாஸ்பிட்டல் லிஸ்ட்.”

“அது என் பொறுப்பு” என்றேன். முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசில் வேலை பார்த்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன் நான். யாருக்குக் கீழே யார் என்று கட்டம் போட்டுக் கோடு இழுத்தே காலம் கழித்தவனுக்கு ஏழு வரி எழுத்து ஒரு பொருட்டா? உன் லினக்ஸில் படம் வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. திறந்தேன்.

திறந்ததும் அதில் எறும்புக் கூட்டம் ஒன்று இருந்தது. மூக்கு இடிக்கும் தூரத்தில் போய்ப் பார்த்தபோதுதான் அவை எறும்புகள் இல்லை, மெனு என்று தெரிந்தது. இது உன் லினக்ஸின் தவறும் இல்லை, என் தவறும் இல்லை. மகள் ஷ்வேதா குருகிராமிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன புதிய மானிட்டரில் ஒரு அங்குலத்துக்குள் ஊர்ப்பட்ட புள்ளிகள் இருக்கின்றனவாம், அதனால் எல்லாம் சிறுத்துத் தெரியுமாம். செட்டிங்ஸ் போய் நூறு சதவீதத்தை இருநூறு ஆக்கினேன். உடனே எல்லாம் வீங்கியது. வீங்கிய வேகத்தில் ‘இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?’ என்று கேட்கும் பெட்டியும் வீங்கி, அதன் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. பொத்தானை அழுத்தாவிட்டால் பதினைந்து வினாடியில் எல்லாம் பழையபடி சிறுத்துவிடும். நான் மறுபடி பெரிசாக்குவேன், அது பதினைந்து எண்ணிவிட்டுச் சிறுக்கும். உன் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏங்க, அது மூச்சு விடுதா?” என்று கேட்டாள். எட்டாவது மூச்சில் நான் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொத்தானை நம்பி என்டர் தட்டினேன். நின்றது. நம்பிக்கை என்பது அதுதான் மாப்பிள்ளை. ஆனால் படம் வரையும் மென்பொருள் மட்டும் ‘ஊர் வீங்கினால் எனக்கென்ன’ என்று எறும்பாகவே இருந்தது. அதற்குத் தனியாக அதன் உள்ளேயே ஓர் இடத்தில் அளவு மாற்ற வேண்டும் என்பதை நானே, யாரையும் கேட்காமல், ஒன்றரை நாளில் கண்டுபிடித்தேன்.

அடுத்து எழுத்து. ‘ட’ என்று தட்டினேன். ஒரு கட்டம் வந்தது. ‘ப’ தட்டினேன், இன்னொரு கட்டம். ‘கண் பரிசோதனை’ என்று தலைப்பு முழுவதையும் தட்டினேன். வரிசையாகக் கட்டங்கள், நடுவில் ஒரு இடைவெளி. இந்திராணி எட்டிப் பார்த்து, “குறுக்கெழுத்துப் போட்டியா? மேலிருந்து கீழ் எங்க?” என்றாள். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன், நினைவிருக்கும். நீ மீட்டிங்கில் இருந்துகொண்டு ரகசியம் பேசுகிறவன் மாதிரி, “அத்தான், அதுல தமிழ் ஃபான்ட் இல்ல. ஒண்ண எறக்கி, ஹோம்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போடுங்க. பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி இருக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஹோமில் தேடினேன். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. நானே உண்டாக்கினேன், நீ சொன்னபடி முன்னால் புள்ளி வைத்து. உண்டாக்கிய அடுத்த நொடி காணாமல் போயிற்று. மறுபடி உண்டாக்கினால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்கிறது. எங்கே இருக்கிறது என்றால் காட்ட மாட்டேன் என்கிறது. இந்த மாதிரி ஆட்களோடு அமைச்சகத்தில் நிறையப் பழகியிருக்கிறேன் என்பதால் பதற்றப்படவில்லை. தமிழில் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகிறது, லினக்ஸில் புள்ளி வைத்தால் ஃபோல்டர் மாயமாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று புரிந்துகொண்டு, மறைந்திருப்பதைக் காட்டும் பொத்தானைத் தேடிப் பிடித்து, ஃபான்ட்டை உள்ளே போட்டேன். அப்போதும் கட்டம். மென்பொருளை மூடித் திறந்தேன். எழுத்து வந்தது. (உன் “ரீஸ்டார்ட்” என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தவில்லை என்பதைக் கவனி.)

வந்ததில் ஒரு சின்னக் குறை. ‘ட’ நன்றாக வந்தது, ‘ம’ நன்றாக வந்தது. ஆனால் ‘பரிசோதனை’யில் ‘சோ’வுக்கு உரிய கொம்பு கழன்று, பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தியது. ‘னை’யின் சங்கிலியும் அப்படியே. வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் மனம் உடைந்திருப்பார். நான் தலைப்பைக் ‘கண்’ என்று சுருக்கினேன். கண் முகாமில் கண்ணைத்தானே பார்க்கிறார்கள், மூக்கையா? கீழே வரும் வரிசைகளிலும் கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் வேண்டாம், வெறும் அகர எழுத்துகள் போதும் என்று தீர்மானித்தேன். க, ட, ப, ம, ய, ன, ல, வ. எட்டே எட்டு. இவற்றை முன்பின்னாகக் கலந்து ஏழு வரிசை அமைத்தேன். முதல் வரியில் ‘ட’ மட்டும். கலந்ததில் எந்த முறையும் கிடையாது, மனம் போன போக்கில் கலந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

பிறகு அளவு. எழுத்தின் அளவு என்ற இடத்தில் எண்பத்தேழு மில்லிமீட்டர் என்று போட்டால் எண்பத்தேழு மில்லிமீட்டரில் ‘ட’ வர வேண்டும் அல்லவா? வராது. அந்த எண் எழுத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒரு பெட்டியின் உயரமாம். பெட்டிக்குள் ‘ட’ பாதி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எண்பத்தேழு மில்லிமீட்டர் உயரத்தில் தனியாக ஒரு கட்டம் வரைந்து, ‘ட’வை அதற்குள் பிடித்து இழுத்தேன். உயரம் வந்தது, அகலம் வரவில்லை. ‘ட’ மின்கம்பம் போல நின்றது. அங்கே சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு இழுத்தால் உயரமும் அகலமும் சேர்ந்து வளரும் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. சரிபார்க்க மானிட்டர் மேலேயே மர ஸ்கேலை வைத்து அளந்தேன். நூற்று முப்பது வந்தது. கீழே ஒரு மூலையில் நூற்று ஐம்பது சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஸ்கேலில் அளந்தேன். எண்பத்தேழு. முடிந்தது.

சனிக்கிழமை மாலை சார்ட் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு முனிர்க்காவில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். டீ சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் அடித்து விரித்துக் காட்டினார். மேலே ஒரு பெரிய கட்டம். அதற்குக் கீழே இரண்டு கட்டம். அதற்குக் கீழே மூன்று. “அங்கிள்ஜி, டிசைன் ஏக்தம் படியா ஹை!” என்று மெச்சினார். “பாத்ரூம் டைல்ஸா?” என்று விசாரித்தார். அவருடைய கணினியில் தமிழ் ஃபான்ட் இல்லை. வீட்டில் ஓட்டிய பேய் பென்டிரைவில் ஏறி முனிர்க்கா வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. மறுபடி மெட்ரோ, மறுபடி துவாரகா. எழுத்தை எழுத்தாக அனுப்பினால்தானே ஃபான்ட் கேட்கும், எழுத்தை வெறும் கோடாக மாற்றி அனுப்பினால் யாரைக் கேட்க வேண்டும்? மெனுவில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது மாப்பிள்ளை. ஒரு தட்டு. அதன் பிறகு ‘ட’ என்பது எழுத்து இல்லை, ‘ட’ மாதிரி ஒரு படம். கடை மூடுவதற்குள் திரும்பிப் போனேன். இந்தத் தடவை ‘ட’, ‘ட’வாகவே வந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அளந்து பார்க்கவில்லை. ஒரு முறை கணினியில் அளந்ததை மறுபடி ஸ்கேல் வைத்து அளப்பது கணினியை அவமதிப்பது என்பது அப்போது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனிமூட்டம், எதிர் குவார்ட்டர்ஸ் தெரியவில்லை. சங்கத்து ஹாலில் எழுபது பேருக்குக் குறையாது. சுவரில் என் சார்ட், ஆறு மீட்டர் தள்ளி நாற்காலி. முதல் ஆளாகச் சங்கச் செயலாளர் அனந்தகிருஷ்ணன் உட்கார்ந்தார். மேடைப் பேச்சாளர், அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி கணீரென்று போயிற்று. நாலாவது வரியில் நான்கு எழுத்து. “ம... ட... ய... ன” என்றார். மனிதர் என் பக்கம் திரும்பினார். “இது யாரைச் சொல்றீங்க?”

ஒரு ஐகாரமும் ஒரு புள்ளியும் குறைந்திருந்தாலும் பொருளில் ஒரு குறையும் இல்லை. எழுபது பேரும் சிரித்தார்கள். உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அசரவில்லை. “செயலாளர் ஐயா, இது மருத்துவ முறைப்படி கலக்கப்பட்ட எழுத்து. நாலாவது வரியை மட்டும் வலமிருந்து இடமாக வாசியுங்கள்” என்றேன். வாசித்தார். “ன ய ட ம.” பிரச்சினை தீர்ந்தது. அதன் பிறகு கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தார்.

அவர் மட்டுமா? வந்தவர் எல்லாரும் வாசித்தார்கள். குச்சி ஊன்றி வந்தவர் ஆறாவது வரியை வாசித்துவிட்டு வீரர் போல எழுந்து போனார். டெல்லித் தமிழர்களின் பார்வையைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. பதினோராவதோ பன்னிரண்டாவதோ பாப்பம்மாள் வந்தார். கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, நாலாவது வரியையும் ஒருவாறு தடவித் தடவிச் சொல்லிவிட்டார். டாக்டர், “நாலாவது லைன் வந்துட்டீங்க ஆன்ட்டி, கவலை வேண்டாம்” என்று அனுப்பினாள். வாசலில் என்னிடம் வந்து நின்றார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்குதாம் சார்.”

“சந்தோஷம்தானே பாப்பம்மா?”

“என்ன சந்தோஷம் சார். அரிசியில கல்லு கெடக்குதுன்னு ஒரு வீட்ல நிறுத்திட்டாங்க. இன்னொரு வீட்ல சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டேன். கண்ணுதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணு சரின்னா அப்ப மூளைதான் கெட்டுப்போச்சு போல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வரேன் சார், மெட்ராஸ்ல மக வீட்டோட போயிர வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது சார்ட்டைப் பாராட்ட வந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அங்கிள், அனந்தகிருஷ்ணன் அங்கிள் என்னோட பேஷன்ட். போன மாசம்தான் கண்ணாடி எழுதிக் குடுத்தேன். கண்ணாடி இல்லாம அவர் எப்படி கடைசி லைன் படிக்கிறார்?” சொல்லிக்கொண்டே பையிலிருந்து டேப்பை எடுத்து ‘ட’வின் மேல் வைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன். நூற்றுப் பதின்மூன்று.

முனிர்க்காவுக்குப் போன் போட்டேன். “பாய்சாப், நீங்க சைஸ மாத்தினீங்களா?” என்று ஹிந்தியில் கேட்டேன். கடைக்காரர் சந்தோஷமாக, “ஹான் அங்கிள்ஜி! சோட்டா லக் ரஹா தா, சின்னதா தெரிஞ்சுது. ஓரத்துல காலி இடம் நிறைய இருந்துச்சு, நான்தான் ஷீட் முழுக்க வர்ற மாதிரி பெரிசாக்கினேன். உங்க மேல உள்ள மரியாதைக்காக!” என்றார். அவரை என்னவென்று திட்டுவது? மென்பொருளோ லினக்ஸோ நீயோ செய்யாத தப்பை ஒரு நல்ல மனிதர் அன்பினால் செய்துவிட்டார். அளக்காமல் கொண்டுவந்தது நான்.

மாப்பிள்ளை, அந்த நிமிடம் எனக்கு ‘ட’ ஞாபகம் வரவில்லை, செயலாளர் ஞாபகம் வரவில்லை. “மூளைதான் கெட்டுப்போச்சு போல” என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினேன். பனியில் பஸ் ஸ்டாப்பில் நாலைந்து உருவங்கள், எல்லாம் சால்வை போர்த்தி ஒன்றுபோல இருந்தன. “பாப்பம்மா!” என்று கத்தினேன். ஒரு சால்வை திரும்பியது. மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். “தப்பு எங்களோடது. எழுத்துப் பெரிசா அடிச்சிட்டாங்க. நீங்க வந்து திரும்பப் படிக்கணும்” என்று ஒருவழியாகச் சொன்னேன். “பஸ் வந்துரும் சார்” என்றார். “அடுத்த பஸ்ஸும் வரும், வாங்க” என்று கூட்டிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்மணியின் சமையல் பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். இதை உன் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள், அது தனி விஷயம்.

ஹாலுக்குள் வந்தால் டாக்டர் முகாமையே தள்ளிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் கணக்குப் போட்டேன். எழுத்து ஒன்றே கால் பங்குக்கும் மேல், சரியாகச் சொன்னால் ஒன்று புள்ளி மூன்று மடங்கு பெரிது. எழுத்தைச் சுருக்க முடியாது. ஆனால் ஆளைத் தள்ளி உட்கார வைக்கலாமே! ஆறை ஒன்று புள்ளி மூன்றால் பெருக்கினால் ஏழு மீட்டர் எண்பது. “டாக்டர், சார்ட் தப்பில்லை, நாற்காலிதான் தப்பான இடத்தில் இருக்கிறது” என்றேன். டாக்டர் தானும் ஒரு தடவை பெருக்கிப் பார்த்தாள். “அங்கிள்! ப்ரில்லியன்ட்!” என்றாள். இந்தச் சொல்லை அப்படியே ப்ரீதாவுக்கும் வாசித்துக் காட்டு.

ஹால் ஏழு மீட்டர்தான். எனவே கதவைத் திறந்து நாற்காலியை வராந்தாவில் போட்டோம், டீ அண்டாவுக்குப் பக்கத்தில். கதவு திறந்ததும் குளிர்காற்று சுவரில் சார்ட்டை அடித்தது. இந்திராணி போய் இரண்டு கீழ் மூலைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பனியும் வராந்தா வரை வந்து எட்டிப் பார்த்தது. அது விலகும் வரை அரை மணி நேரம் எல்லாருக்கும் டீ கொடுத்தோம். வீட்டுக்குப் போனவர்களை அனந்தகிருஷ்ணன் போன் போட்டுத் திரும்ப வரவழைத்தார். போன் தேவைப்படாத குரல்தான் அவருக்கு, இருந்தாலும் போட்டார்.

பாப்பம்மாளை முதலில் உட்கார வைத்தோம். மூன்று வரி வந்தது. நாலாவது வரியில் நின்றார். அங்கேதான் ஒரு சிக்கல். ஹாலில் அத்தனை பேருக்கும் நாலாவது வரி மனப்பாடம். அவர் நினைத்தால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

“அங்க என்ன எழுதியிருக்குன்னு தெரியும் டாக்டரம்மா. எல்லாருந்தான் சிரிச்சாங்களே. ஆனா என் கண்ணுக்குத் தெரியல.”

டாக்டர் குச்சியை எடுத்து நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டாள். “இது?” பாப்பம்மாள் தலையை ஆட்டினார். இன்னொன்றைத் தொட்டாள். “வெள்ளையா பொக மாதிரி இருக்குது.” டாக்டர் வராந்தாவுக்கு வந்து டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தாள். இரண்டிலும் புரை. வலது கண்ணில் நன்றாகவே முற்றியிருக்கிறதாம். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கஷ்டம் என்றாள். ஆஸ்பத்திரிப் பட்டியலில் முதல் பெயராக எழுதி, அங்கேயே போன் செய்து, அடுத்த வியாழக்கிழமைக்கு நாளும் வாங்கிவிட்டாள். இலவசம்தான்.

பாப்பம்மாள் எழுந்திருக்கவில்லை. “அப்ப எனக்கு மூளை நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றாள் டாக்டர்.

டீ அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அந்த அம்மா சிரித்தார் பார், அதுவரை நான் பட்ட கட்டம், எறும்பு, கொம்பு, மின்கம்பம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. மறுபரிசோதனையில் அவரையும் சேர்த்து ஒன்பது பேர் பட்டியலுக்கு வந்தார்கள். அனந்தகிருஷ்ணன் கடைசி வரியில் தோற்றுப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அரிசியில் கல் என்று நிறுத்திய வீட்டுக்கு உன் அக்காவே நேற்று நேரில் போய், ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாளில் பாப்பம்மாள் வருவார், அதுவரை உங்கள் அரிசியை நீங்களே களையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒப்புக்கொண்டார்களாம். ஒப்புக்கொள்ளாமல் இருக்க இந்திராணி விடுவாளா?

ஆக, நீ போட்டுக்கொடுத்த லினக்ஸ் இப்போது முழுக்க என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடுத்த முகாமுக்கு மலையாளம், தெலுங்கு சார்ட்டும் நானே வரைவதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். கொம்பு கழல்வதைப் பற்றி மட்டும் நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுது. அவசரமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். தமிழ்க் கண் சார்ட் ஒன்று தலைநகரில் இல்லை என்ற குறை உன் அத்தானால் தீர்ந்தது என்று நம் சொந்தக்காரர்களிடம் நீயாகவே சொல்லலாம், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ப்ரீதாவுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். நீங்கள் இருவரும் உடம்பும் மனசும் குளிர்ந்து, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். சித்திரையில் வருவதாக இருந்தால் கறிவேப்பிலை வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. வெறும் கையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்
சோ. இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் அனந்தகிருஷ்ணன் கூப்பிட்டார். என் சார்ட்டைச் சுருட்டிப் பத்திரப்படுத்தச் சங்கத்து இரும்பு அலமாரியைத் திறந்தாராம். மேல் தட்டில் நீளமாக ஒரு அட்டைக் குழாய். அதற்குள் மூன்று கண் பரிசோதனைச் சார்ட்டுகள். தமிழில். முறையாக அச்சடித்தவை. மதுரையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பியிருக்கிறார், போன வருட முகாமுக்கும் முன்பே. உடனே மெட்ரோ பிடித்துப் போய் அளந்து பார்த்தேன், இந்தத் தடவை ஸ்கேல் வைத்து. எண்பத்தேழு மில்லிமீட்டர், ஒரு நூல் பிசகவில்லை. ‘கண் பரிசோதனை’ என்று தலைப்பு முழுசாக இருக்கிறது, கொம்பு கொம்பின் இடத்தில், சங்கிலி சங்கிலியின் இடத்தில். நாலாவது வரி யாரையும் திட்டவில்லை. குழாயின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘மிக முக்கியம். எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கவும்’ என்று எழுதி, கீழே கையொப்பம். சோ. இராஜமாணிக்கம். போன வருடம் அலமாரியை ஒழுங்குபடுத்தியது நான்தானாம். எனக்கு நினைவே இல்லை. பாப்பம்மாளிடம் போய் நானே சொல்லிவிட்டேன். “விடுங்க சார், நல்ல கண்ணு இருக்கிறவங்களுக்கே தெரியல” என்றார். மேலே எழுதியதைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். டாக்டர் ஜ்யோத்ஸ்னா என்னையும் வியாழக்கிழமை கண்ணைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறாள். இந்திராணிக்கு இன்னும் தெரியாது.